பதினொன்றும் முந்நூற்று நான்கும்

அவள் இயந்திரத்தின் மூடியைச் சாத்தினாள்.

உள்ளே இரண்டு குழாய்கள். ஒன்றில் இருப்பது அவளுடைய ரத்தம்.

முடிவு வரப் பதினெட்டு நிமிடம்.

ஆறு வருடமாக இந்த ஆய்வகத்தில் வேலை. எத்தனையோ பெண்களின் ரத்தத்தை இப்படி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறாள். இன்றைக்கு நாற்காலியை விட்டு எழ முடியவில்லை.

காலையில் மோதிரம் கழலவில்லை. சோப்பு போட்டுப் பார்த்தாள். எண்ணெய் தடவிப் பார்த்தாள்.

ஏழாம் மாதம்.

போன முறையும் ஏழாம் மாதம்தான். முதலில் விரல் வீங்கியது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தாள். நான்காம் நாள் கண்ணுக்குள் பொறி பறந்தது. அப்புறம் வலிப்பு.

விழித்தபோது வயிறு தட்டையாக இருந்தது. பக்கத்தில் தொட்டில் இல்லை.

அன்று இந்தப் பரிசோதனை இங்கே வரவில்லை. இப்போது நஞ்சுக்கொடி தடுமாறத் தொடங்கினால் ரத்தம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஒரு புரதம் ஏறும். இன்னொன்று இறங்கும். ஏறியதை இறங்கியதால் வகுத்தால் ஓர் எண். முப்பத்தெட்டுக்குள் இருந்தால் ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கலாம்.

“அமலி, ஒனக்கு இன்னைக்கே பாத்துருவோம்” என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

மற்றவர்களுக்கு மறுநாள்தான். இயந்திரத்தில் இடம் இருந்ததால், கூட வேலை பார்க்கும் லில்லி இன்னொரு குழாயையும் எடுத்துக் கொடுத்தாள். முப்பிடாதியுடையது.

காலையில் ரத்தம் கொடுக்க அமலியும் முப்பிடாதியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முப்பிடாதிக்கு இருபத்திரண்டு வயது. தலைப்பிள்ளை. துணைக்கு யாரும் வரவில்லை. ஊசியைக் கண்டதும் அமலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிவை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று அமலிதான் அவளை அனுப்பிவைத்தாள்.

திரை மினுங்கியது.

முதல் வரியில் முந்நூற்று நான்கு.

அடுத்த வரியில் பதினொன்று.

பெயர் இல்லை. குழாய்களில் லில்லி ஒட்டிய எண்கள் மட்டும். எந்த எண் யாருக்கு என்பது நோட்டில் இருந்தது.

நோட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அமலி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மாதாவே, அந்த முந்நூத்தி நாலு முப்பிடாதியோடதா இருக்கட்டும்.

உதடு அசையவில்லை. நினைத்தது நினைத்ததுதான்.

நோட்டைத் திறந்தாள்.

பதினொன்று அவளுடையது.

மூச்சு வந்தது. கூடவே அழுகை. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, மேல் வரி அப்படியே இருந்தது.

டாக்டரம்மாவுக்குச் சொல்லிவிட்டு முப்பிடாதிக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அவசரத்தில் தப்பான எண்ணை அழுத்திவிட்டு, மறுபடி போட்டாள்.

“பஸ்ஸுல இருக்கேன்க்கா. சத்தத்துல கேக்கல.”

“தலைவலி இருக்கா?”

“லேசா வலிக்கு. வெயிலுல்லா.”

“கண்ணு?”

“என்னமோ மினுமினுங்கு. எதுக்குக்கா?”

“அடுத்த ஸ்டாப்புல எறங்கு. நெழல்ல உக்காரு. நூத்தியெட்டு வருது. போனை வைக்காத.”

லில்லி அந்த ஸ்டாப்பைச் சொல்லி ஆம்புலன்ஸை அனுப்பினாள். அமலி நாற்பது நிமிடம் போனை வைக்கவில்லை. என்ன பேசினாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. பதில் வரத் தாமதமான ஒவ்வொரு முறையும் “முப்பிடாதி, முப்பிடாதி” என்று கத்தினாள். ஆய்வகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசலில் சக்கர நாற்காலியோடு அவளே நின்றாள்.

முப்பிடாதியின் ரத்த அழுத்தம் நூற்று எழுபத்திரண்டுக்கு நூற்றுப் பதினாறு. கையில் ஊசி ஏறியது. இன்னொன்று தொடையில். பிள்ளையின் இதயத்துடிப்பு கருவியில் டக்டக்கென்று கேட்டது. டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார்.

“வீட்டுக்குப் போயிருந்தா…” என்றார்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த முப்பிடாதி அமலியைத் தேடிக் கண்டுபிடித்தாள். நாக்கு குழறியது.

“ஒங்களுக்கு என்னக்கா வந்துச்சு?”

அமலி குனிந்தாள். அந்தப் பெண்ணின் செருப்பைக் கழற்றினாள். வீங்கிய பாதத்தில் வார் ஆழமாகப் பதிந்திருந்தது. அதைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“அக்கா?”

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது.

அமலி அந்தப் பாதத்தை விடாமல் கூடவே நடந்தாள்.