நாலு பேர் ஃபெயில்

கடலூரில் தேர்ச்சி ஆய்வுக் கூட்டம். நூறு சதவீதம் காட்டிய தலைமையாசிரியர்களுக்குச் சால்வை போர்த்திய அதிகாரி, "பத்தாவதுல நாலு பேர் ஃபெயிலான ஸ்கூல் யாருது?" என்றார்.

பரங்கிப்பேட்டைப் பக்கத்துத் தலைமையாசிரியை தஸ்னீம் எழுந்தார்.

"என்னுதுதான் சார்."

"இவுங்களால முடியிது, உங்களால ஏன் முடியல?"

"தேற மாட்டாங்கன்னு, ஒம்பதாவதோட டிசி குடுத்து வெளியே அனுப்புன பதினோரு பேரை நான் சேத்துக்கிட்டேன் சார். அதுல ஏழு பேர் பாஸ். மிச்ச நாலு பேரு துணைத்தேர்வுக்குப் படிக்கிறாங்க."

"எந்த ஸ்கூல் அனுப்புச்சு?"

தஸ்னீம் சால்வை போர்த்தியிருந்தவர்கள் பக்கம் திரும்பினார். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களிடமே சொன்னார்:

"இந்த வருஷமும் அனுப்புங்க சார். எங்க ஸ்கூல்ல எடம் இருக்கு."