குளத்துக் கரையில் மூன்று டார்ச்

"மூஞ்சிக்கு நேராவா டார்ச் அடிக்கானுவ?" என்று கேட்டாள் வரிசையில் பின்னால் நின்ற சொக்கம்மாள்.

முத்துச்செல்வி தலையை மட்டும் ஆட்டினாள்.

"மூணு நாளா அடிக்கானுவன்னு இன்னைக்குச் சொல்லுதியே. நீயே நாலு வார்த்த கேட்டா என்னட்டி? இப்படியே வாய மூடிட்டுப் போனா நாளைக்கு வழிய மறிப்பானுவ."

பீடிக் கடையில் வரிசை நகர்ந்தது. முத்துச்செல்வி சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு, தூங்கிப்போன மகள் அபியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மணி ஏழு. குளத்துக் கரை வழியாகப் போனால் வீட்டுக்குப் பத்து நிமிஷம். ரோட்டைச் சுற்றினால் முக்கால் மணி நேரம். கைப்பிள்ளையோடு அது ஆகாது. கரையில் நடக்க முடியாதென்றால் பீடி சுற்றுவதையே விட வேண்டியதுதான். வீட்டுக்காரர் கேரளாவில் இருக்கிறார். துணைக்கு யாரைக் கூப்பிடுவது?

கரையின் அந்தக் கோடியில் ஒரு பாறை. சாயங்காலம் ஆனால் மூன்று பேர் அதன் மேல் ஏறிவிடுவார்கள். லீவில் வந்திருக்கும் பட்டாளத்துக்காரன் மாரிராஜ், சவுதியிலிருந்து வந்திருக்கும் கடையநல்லூர் உவைஸ், தென்காசியில் செல்போன் கடை வைத்திருக்கும் தாணுமாலயன். ஆளுக்கொரு டார்ச். எவனுடைய வெளிச்சம் எதிரே உள்ள மலையில் அதிக தூரம் போகும் என்று போட்டி.

தண்ணீருக்கு மேல் அவர்கள் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"சவுதியிலேருந்து இதையா தூக்கிட்டு வந்தே? கல்யாண வீட்டு லைட்டு மாதிரி பக்கத்துலயே பரவிட்டு நிக்கு."

"ஏலே, அங்கன பாரு. மலையில அந்த வெள்ளப் பாறை தெரியுதா இல்லையா?"

"தெரியுது. அதுல நிக்கது ஆடா ஆளான்னு உன் லைட்டு சொல்லுமா? என்னோடது ஊசி மாதிரி போயி நிக்கும்."

"ஆமா, ஒரே நீலம். உசுரோட நிக்கவனையும் பொணமாட்டம் காட்டுது."

சிரித்தார்கள்.

முத்துச்செல்வி மடையைத் தாண்டினாள். மலைப் பக்கம் இருந்த ஒரு வெளிச்சம் திரும்பி வந்து அவள் மேல் பட்டது. தினமும் இப்படித்தான். ஒரு தடவை பட்டுவிட்டு விலகிவிடும்.

இன்றைக்கு விலகவில்லை.

சிரிப்பு நின்றது. பேச்சும் நின்றது. குளத்தில் தவளைச் சத்தம் எப்போது நின்றதென்று தெரியவில்லை.

"அணைச்சிராத. அப்படியே பிடி," என்று ஒரு குரல் மெதுவாகச் சொன்னது. "நீங்களும் அடிங்கலே."

இரண்டாவது வெளிச்சம். மூன்றாவது வெளிச்சம்.

எதிரே வெறும் வெள்ளை. கால் வைக்கும் இடம்கூடத் தெரியவில்லை. அவள் நின்றாள். வெளிச்சமும் நின்றது. நடந்தாள். அதுவும் கூடவே நகர்ந்தது.

"மெதுவா நடங்க. ஓடாதீங்க."

நடக்கச் சொல்லி வேடிக்கை பார்க்கிறார்கள். அவளுக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் பின்னால் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது.

நின்றாள். அந்தச் சத்தமும் நின்றது. இரண்டு எட்டு வைத்தாள். பின்னாலும் ஏதோ இரண்டு எட்டு வைத்தது.

பின்னால் ஒருத்தனை விட்டிருக்கிறார்கள். சொக்கம்மாள் சொன்னது சரிதான், வழியை மறிக்கத்தான் போகிறார்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் முள். போகிற வழி அந்தப் பாறை ஒன்றுதான்.

அபி விழித்துவிட்டாள். தோளில் தாடையை ஊன்றி, பின்னால் எதையோ பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்தாள்.

முத்துச்செல்விக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு நடந்தாள்.

பாறைக்குக் கீழே வந்ததும், எங்கிருந்தோ அவளுக்குக் குரல் வந்தது.

"ஒருத்தி புள்ளயத் தூக்கிட்டு வாறது தெரியலையாண்ணே? மலையில உள்ள பாறையெல்லாம் தெரியுதுங்கிய. பின்னால வேற ஆள விட்டிருக்கிய. நான் இனிமே இந்த வழியா வரக் கூடாதா?"

அவளை யாரும் பார்க்கவே இல்லை. மூன்று பேரும் அவள் தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாணுமாலயன் டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"அக்கா, திரும்பாம மேல ஏறி வாங்க," என்றான் உவைஸ், சத்தமே வராமல். "உங்க மூஞ்சில பட்டது ஓரத்துல சிந்துன வெளிச்சம்தான். நாங்க அடிக்கது உங்களுக்குப் பின்னால."

ஏறினாள். பிள்ளையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரும்பினாள்.

அவள் இப்போது நடந்து வந்த தடத்தில், இருபதடி தள்ளி, மூன்று வெளிச்சமும் ஒன்றாய்க் குவிந்த வட்டத்துக்குள் ஒரு சிறுத்தை உட்கார்ந்திருந்தது. பச்சையாய் இரண்டு கண். கூச்சம் தாங்காமல் தலையைத் திருப்பியது. வெளிச்சமும் கூடவே திரும்பியது.

"மடைகிட்டயே உங்க பின்னால கரையேறிட்டு," என்றான் மாரிராஜ், கண்ணை எடுக்காமல். "சொன்னா ஓடிருப்பிய. ஓடிருந்தா பாஞ்சிருக்கும். கண்ணு கூசுற வரைக்கும்தான் அது நிக்கும். உங்க மூஞ்சியில பட்டதுக்கு ஒண்ணும் நினைச்சுக்காதீங்க தங்கச்சி."

முத்துச்செல்வி அவர்களுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"பாப்பா கைய மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க," என்றான் அவன். "வா வான்னு அதக் கூப்பிட்டுட்டே இருக்கா."