வெயில் பந்தயம்

"ஏட்டி ஜெர்லின், நிழலுக்கு நகராத! வெயில்ல உக்காரு!"

கிரேஸியின் குரல் அலைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. முற்பகல் வெயில். கடற்கரை மணலில் பெண்கள் நைட்டிக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, கிழிந்த வலைகளைப் பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"ரத்தம் குடுத்தாச்சே சித்தி. இனியும் எதுக்குக் கறுக்கணும்? தை மாசம் எனக்குக் கல்யாணம்."

"மாப்பிள்ளை மட்டும் என்ன பால்கோவாவா? முடிவு வார வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது."

கிரேஸியின் கணவன் இன்னாசி சிரித்தான். "கருவாடு காயுத இடத்துல நீங்க காயுதிய. காக்கா தூக்கிட்டுப் போயிராம."

பந்தயம் மூன்று மாதத்துக்கு முன் தொடங்கியது. தாமிரபரணிப் பக்கத்து ஊர்களில் யாருக்கு எவ்வளவு வைட்டமின் டி இருக்கிறது என்று கணக்கெடுக்க, திருநெல்வேலியிலிருந்து டாக்டர் இஷ்ரத் வந்தார். ஆழ்வார்திருநகரியில் ரத்தம் எடுத்தார். பிறகு இந்த மீனவர் ஊரில் எடுத்தார். வெயிலில் கிடைக்கிற சத்து என்றதும் இங்கே ஒரே சிரிப்பு. வெயிலுக்கா பஞ்சம்?

ஊர்ச் சராசரி பதினொன்று. குறைந்தது இருபது இருக்க வேண்டும்.

ஆண்கள் இரவெல்லாம் கடலில். பகலெல்லாம் தூக்கம். பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து வலை பின்னுகிறார்கள். தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் இருக்கச் சொன்னார் டாக்டர். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் வெளியே வரவில்லை.

அடுத்த வாரம் டாக்டர் வேறொன்று சொன்னார். "ஆழ்வார்திருநகரியில பன்னெண்டு. உங்களைவிட ஒரு புள்ளி கூட."

அவ்வளவுதான். ஆற்றங்கரைக்காரர்கள் கடற்கரையை முந்துவதா? ஊரே வெயிலுக்கு வந்துவிட்டது. போன வாரம் டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்துப் போனார்.

கிரேஸிக்குத்தான் ரோஷம் அதிகம். இன்னாசியின் தங்கை ஆன்லின் அந்த ஊரில்தான் டீச்சர். ஆற்றுத் தண்ணீர் முதல் வாழைத்தார் வரை எல்லாவற்றிலும் தன் ஊர்தான் உசத்தி என்பாள். இதையும் சொல்லிக் காட்டுவாள் என்று கிரேஸி அவளுக்குப் போன் பண்ணுவதையே நிறுத்தினாள். அவளும் பண்ணவில்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டாள் கிரேஸி.

டாக்டரின் கார் வந்து நின்றது. வலையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள்.

"சொல்லுங்க டாக்டரம்மா. நமக்கு எவ்வளவு?"

"இருபத்தொன்பது."

மணலில் குதித்தார்கள். ஜெர்லின் விசிலடித்தாள்.

"அங்கன எவ்வளவு?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது."

குதித்தவர்கள் அப்படியே மணலில் உட்கார்ந்தார்கள்.

"ஒத்தப் புள்ளியிலயா தோத்தோம்?" என்றாள் கிரேஸி.

"ஒரே புள்ளிதான். இன்னும் மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுப்போம்."

"வாங்க. அப்பக் காட்டுதோம்."

"தோத்தா என்னளா?" என்றான் இன்னாசி. "உன் முட்டுவலி போயிட்டுல்லா?"

"முட்டு கெடக்கட்டும். மானம்லா போச்சு!"

கிரேஸியின் போன் அடித்தது. ஆன்லின்.

"எடு, எடு. நல்லா வாங்கிக் கட்டிக்க" என்றான் இன்னாசி.

பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள். "சொல்லுட்டி. பீத்திக்கத்தான கூப்பிடுத?"

மறுமுனையில் ஆன்லின் மூக்கை உறிஞ்சினாள். "நீங்கதான் பீத்திக்கணும் மைனி. நேத்தே டாக்டரம்மா வந்து சொல்லிட்டாவ. எங்களுக்கு இருபத்தொன்பது, உங்களுக்கு முப்பதாமே!"