மேடைக்குத் துணை

பிரம்படி முடிந்ததும் கூட்டம் கைதட்டியது.

மரோலோப்புக்கு முதலில் விளங்கவில்லை. வேறு யாருக்கோ தட்டுகிறார்கள் என்று நினைத்தான்.

ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் வளாகத்தில் மேடை போட்டிருந்தார்கள். ஏரிப் பக்கமிருந்து சாரல் அடித்தது. தக்கெங்கோனில் பாதி ஊர் அங்கேதான் நின்றது. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த கைகளில் செல்போன்கள்.

மைக் பிடித்திருந்த அதிகாரி, எரிகிற முதுகில் பட்டுவிடாமல் அவன் தோளில் மட்டும் கையை வைத்தார்.

"இவர் கிறிஸ்தவர். இவரை யாரும் வற்புறுத்தல. ஜெயிலுக்குப் போறேன்னு சொல்லியிருக்கலாம். நம்ம ஷரியத் சட்டத்த மதிச்சு, தானா வந்து முதுகக் குடுத்திருக்கார்."

மறுபடியும் கைதட்டல். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். குடிக்கத் தோன்றவில்லை. வாங்காவிட்டால் அவமதிப்பாகிவிடுமோ என்று வாங்கிக்கொண்டான்.

மதிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. தன் பஞ்சர் கடைக்குப் பின்னால் காசு வைத்துச் சீட்டாடி மாட்டியவன் அவன். பிரம்பைத் தேர்ந்துகொண்டான் என்று தெரிந்ததும், "ஜெயில்னா வருஷக் கணக்கு, முதுகுன்னா வாரக் கணக்கு. நல்லதுதான் செஞ்சே" என்றாள் மனைவி தியுர்மா. தேவாலய வாசலில் மட்டும் ஒரு பெரியவர் அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நமக்கில்லாத சட்டத்துக்கு நாமளே போய்க் குனியறதா?"

அந்த முகம் கூட்டத்தில் இருக்கிறதா என்று மரோலோப் தேடினான். இல்லை. அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அமான் மைசரா.

மைசராவின் அப்பா என்று அர்த்தம். சொந்தப் பெயர் என்னவென்று ஊரே மறந்துபோயிருந்தது. இன்றைக்குத்தான் மைக்கில் அதையும் சேர்த்துப் படித்தார்கள். கடைக்கு எதிர்வீட்டுக்காரன். மரோலோப்பின் அம்மா இறந்தபோது, சவத்தை ஏற்றிக்கொண்டு சொந்த ஊரான தோபா வரைக்கும் மலைப்பாதையில் லாரி ஓட்டியவன். அங்கே, சுற்றிலும் பன்றிக்கறி வெந்த பந்தலில், வெறும் வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு அடக்கம் முடியும்வரை கூடவே இருந்தவன்.

வெள்ளை உடையில் அவன் படியேறினான். முகமூடி போட்ட ஆள் பிரம்பை எடுத்தார்.

மேடைக்குக் கீழே நிறுத்தப்பட்டிருந்த மரோலோப் தரையைப் பார்த்தான்.

இந்த முறை கைதட்டல் இல்லை.

"தொழுத நெத்தி காயல, அதுக்குள்ள சீட்டாடா ஒனக்கு?"

கூட்டம் சிரித்தது. இன்னொரு குரல் அதைவிட உரக்க வந்தது.

"அந்தக் கிறிஸ்தவனப் பாத்துக் கத்துக்கடா! வேதம் வேறயா இருந்தும் மரியாத தெரியுது பாரு!"

பல தலைகள் மரோலோப் பக்கம் திரும்பின. ஒருவர் அவனைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். அவன் தண்ணீர் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

முன்வரிசையில் நின்ற ஒரு வயதான மனிதர், எண்ணிக்கை முடிவதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார். யாரென்று மரோலோப்புக்குத் தெரியும். போன வாரம்தான் தன் மகனுக்கு மைசராவைப் பெண் கேட்டு வந்துவிட்டுப் போயிருந்தார்.

அமான் மைசராவும் அவர் போவதைப் பார்த்தான். அடிகள் முழுவதற்கும் சேர்த்து அவன் முகம் கோணியது அந்த ஒரு தடவைதான்.

பள்ளிவாசலின் பின்புறம், மருத்துவக் கூடாரத்தில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். சாய முடியாது. குனிந்தபடி இருந்தார்கள். நர்ஸ் களிம்பு தடவிவிட்டு வெளியே போனாள்.

அமான் மைசராதான் முதலில் சிரித்தான்.

"ஒனக்குக் கைதட்டு, எனக்குத் திட்டு. அடி மட்டும் ஒண்ணுதான்டா மச்சான்."

சிரித்தது வலித்திருக்க வேண்டும். பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டான். பிறகு மரோலோப்பின் கையைத் தேடிப் பிடித்தான்.

"நீ பாட்டுக்கு ஜெயிலுக்குப் போயிருக்கலாம். மேடையில நான் ஒத்தையா நிக்கக் கூடாதுன்னுதான வந்தே? சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

மரோலோப் தலையை ஆட்டினான். ஆமாம் என்றுதான் ஆட்டினான்.

சோதனை நடந்த அன்று பிடிபட்டது அவன் ஒருவன்தான். கூட ஆடிய மூன்று பேரும், அமான் மைசரா உட்பட, பின்சுவர் ஏறிக் குதித்துத் தப்பிவிட்டார்கள்.

விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். தேநீர் வாங்கிக் கொடுத்து, சட்டத்தை நிதானமாக விளக்கினார். தனியாக மாட்டிய கிறிஸ்தவனுக்குப் பிரம்பு கிடையாது. நாட்டுச் சட்டம், சிறைதான். ஒரு முஸ்லிமோடு சேர்ந்து செய்த குற்றமென்றால் மட்டுமே, சிறைக்குப் பதிலாக அவன் பிரம்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

"அப்ப சொல்லு. கூட ஆடினது யாரு?"

அந்த மூன்று பேரில், தன்னை ஒருநாளும் சந்தேகப்படாதவன் யார் என்று மட்டும் மரோலோப் கொஞ்ச நேரம் யோசித்தான்.