குளியலறையில் ஓர் ஆறு

"செடியைக் கொஞ்சம் ஆட்டு. காத்தடிக்கிற மாதிரி இருக்கணும்."

அவள் பூந்தொட்டியை ஆட்டினாள். ஒரு கையில் தொட்டி. மறு கையில் தண்ணீர்க் குவளை.

துணி ஊறவைக்கும் டப்புக்குள், பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு கணவர் நின்றார். தலையில் தொப்பி, கையில் தூண்டில். லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அந்த ஒரு நாளும் ஒரு மாதமாக இப்படித்தான் போகிறது.

சுவரில் தொங்கிய நீலப் போர்வையும் டப்புத் தண்ணீரும்தான் ஆறு. அவள் ஆட்டுகிற தொட்டிதான் காடு. துணிக் கிளிப்பால் ஸ்டூலில் நிறுத்தியிருந்த போன்தான் கேமரா.

"இப்ப அருவி!"

அவள் குவளையைக் கவிழ்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் விழட்டும்."

"அருவி ஒரு குவளைதான். அதுக்கு மேல வத்திப்போச்சு. ஏங்க, நெஜ ஆத்துக்கே போயிட்டு வந்திரலாமே?"

"அதுக்கு நல்ல கேமரா வேணும், ஸ்டாண்டு வேணும். இங்க எல்லாமே ஓசி."

அவர் தூண்டிலை வீசினார். கொக்கி, பின்னால் கொடியில் கிடந்த துண்டில் போய் மாட்டிக்கொண்டது. போன் 'க்ளிக்' என்றது. அவர் படத்தைப் பார்த்துவிட்டுக் குதித்ததில் பாதி ஆறு வெளியே கொட்டியது.

"பிரமாதம்!"

"இதுவா? தூண்டில் முதுகுப் பக்கமா கோணிக்கிட்டு நிக்குது. எனக்கே தெரியுது தப்புன்னு."

"இதுதான் வேணும்."

அடுத்தது பூச்சிப் படம். தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி அது. மீன் அதை நிஜமென்று நம்பிக் கவ்வ வேண்டும். இறகு அவளுடைய தூசி தட்டும் துடைப்பத்தில் பிடுங்கியது. நோட்டுத் தாளை வளைத்துப் பின்னால் வைத்தார். மேஜை விளக்கின் மேல் வெண்ணெய்த் தாளைச் சுற்றினார். பூச்சி பெரிதாகத் தெரிய, அவள் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி போனுக்கு முன்னால் பிடித்தார்.

"இதைப் பார்த்தா மீன் கவ்வாதுங்க. சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

படங்களை அவர் யாருக்கோ அனுப்பினார். கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு அவள் எட்டிப் பார்த்தாள். பகீரென்றது.

தபால்காரருக்கு!

இருபது வருஷமாக இவரோடு சேர்ந்து மீன் பிடித்தவர். மூன்று மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து விழுந்தார். இன்னமும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. வலது கை சுத்தமாக வரவில்லை.

"உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? கரண்டி பிடிக்க முடியாத மனுஷனுக்கு மீன் பிடிக்கிற போட்டோவா அனுப்பறீங்க? இதுக்கா நான் செடியை ஆட்டினேன்?"

"அவன் பார்க்கட்டும்."

"பார்த்து வயிறெரியட்டும்னா?"

அவர் டப்பில் மிச்சமிருந்த ஆற்றைக் கொட்டப் போய்விட்டார்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நாலு ஆப்பிளை வாங்கிக்கொண்டு தபால்காரர் வீட்டுக்கு நடந்தாள். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"முட்டாப் பய! அறிவிருக்காடா உனக்கு?"

அவள் கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டினாள். தபால்காரரின் மனைவி வெளியே வந்தாள்.

"அடடே, வாங்கக்கா!"

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வர்றதும்மா? அவருக்குப் புத்தி பிசகிப்போச்சு. இனிமே ஒரு போட்டோகூட வராது. நான் நிறுத்திடறேன்."

"ஐயையோ, நிறுத்திடாதீங்க!" என்று அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

தபால்காரர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் போன், அதில் டப்புக்குள் நிற்கிற அந்தப் படம். அசையவே அசையாத அந்த வலது கை, நடுங்கிக்கொண்டே, காது வரை உயர்ந்திருந்தது.

"இப்படிப் புடிக்கணும்டா! காதுக்கு நேரா நிறுத்தணும்! முதுகுக்குப் பின்னால யாருக்குடா மீன் புடிக்கறே?"

"பயிற்சி குடுக்க வர்றவங்க ரெண்டு மாசம் கெஞ்சினாங்கக்கா, கை அசையல. அண்ணன் மொதப் போட்டோ அனுப்பின அன்னிக்குத்தான் முழங்கை மடங்குச்சு" என்றாள் மனைவி ரகசியமாக. "பூச்சியைப் பார்த்துட்டு இப்பத்தான் ஒரே ரகளை. இறகு கொண்டா, நூல் கொண்டா, எப்படிக் கட்டறதுன்னு அவனுக்குக் காட்டறேன்னு."

ஆப்பிளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் நின்றாள். தபால்காரர் அவளைப் பார்த்துவிட்டார்.

"வாம்மா தங்கச்சி! இவனை வெச்சுக்கிட்டு எப்படிம்மா குடும்பம் நடத்தறே? இருபது வருஷமா கூடவே நின்னான், தூண்டில் வீசத் தெரியல. பின்னால காடு மட்டும் அருமையா இருக்கு."

அந்தக் காட்டுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சட்டென்று அடக்கிக்கொண்டாள்.

"அவருக்கு எதுதாண்ணே ஒழுங்கா வந்திருக்கு? நீங்கதான் நாலு போடு போடணும்."

கிளம்பும்போது தபால்காரரின் மனைவி வாசல் வரை வந்தாள். உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அண்ணன்கிட்ட மறக்காம சொல்லிடுங்கக்கா. இனி காலுக்குத்தான் பயிற்சியாம். அடுத்த போட்டோவுல ரெண்டு காலையும் நல்லாத் தப்பா வெச்சு நிக்கச் சொல்லுங்க."