எண்ணெய்க்கு முந்திய மண்

கதிர்வீச்சு அளக்கும் கருவியை, கடலில் கொட்டிக் கரையேறிய எண்ணெய் படிந்த மணல்மேல் பிடித்தான். அதிகம் காட்டியது.

எண்ணெய் அவ்வளவாக ஏறாத பாறையோரம் பிடித்தான். அங்கேயும் அதிகம்.

எது யாருடையது?

பூமிக்கடியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெய், சில நேரம் கதிர்வீசும் துகள்களையும் கூட்டிக்கொண்டு வரும். இந்தக் கரையின் கருமணலும் கதிர்வீசும். மலைப்பாறையில் இருந்தது அது. மழையில் உதிர்ந்து, ஆற்றோடு இறங்கி, அலை சலித்து ஒதுக்கிய மணல்.

அவன் கையில் இருந்த கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். டிக் என்று மட்டும் சொல்லும். யார் அனுப்பியது என்று சொல்லாது.

எண்ணெய் வருவதற்கு முன் இங்கே எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால் பிரித்துவிடலாம். யாரும் அளந்து வைக்கவில்லை. அடுத்த ஊர் மணல் உதவாது. கருமணல் ஊருக்கு ஊர் கூடும், குறையும்.

எண்ணெய் இறங்காத மண் அடியில் இருக்குமா என்று தோண்டிப் பார்த்தான். முழங்கை ஆழத்திலும் விரல் பிசுபிசுத்தது.

பின்னால் மெற்றில்டா வந்து நின்றாள். கரையோரத்து வீடுகளைக் காலிசெய்து, எல்லோரையும் மாதா கோயில் மண்டபத்தில் தங்கவைத்திருந்தார்கள். அவள் மகளும் அங்கேதான், ஏழு மாத வயிற்றோடு. வீட்டுக்குத் திரும்பலாமா என்று கேட்டுவர அம்மாவை அனுப்பியிருந்தாள்.

"விடாம பாட்டு படிக்குதே உங்க பெட்டி. என்ன சொல்லுது சாரே?"

"கூடுதலாத்தான் இருக்கு. எண்ணெயா, மண்ணான்னு தெரியல."

"எண்ணெயிண்ணா வாரிக்கிட்டுப் போயிருவாங்க. மண்ணுண்ணா?"

அவன் கருவியின் கண்ணாடியைத் துடைத்தான். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"எண்ணெய் வர்றதுக்கு முன்னாடி இந்தக் கரையில வாரின மண், யார் வீட்டிலயாவது இருக்குமா?"

அவள் சிரித்துவிட்டாள். "மண்ண எவளாவது பானையில போட்டு மூடி வைப்பாளா சாரே?"

சிரிப்பு பாதியில் நின்றது.

கோயிலின் பின்பக்கம், புருஷனைப் புதைத்த கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தாள்.

"எங்க ஆளு மேல கெடக்கு."

நவம்பரில் கல்லறைத் திருநாள். அன்று ஒவ்வொரு வீட்டாரும் இந்தக் கரையில் புது மணல் வாரி, தங்கள் கல்லறைமேல் கொட்டிப் பரப்புவார்கள்.

எண்ணெய் வந்தது ஜனவரியில்.

அவளே அள்ளித் தந்தாள். சிலுவைப் பக்கம் தொடவில்லை. கால்மாட்டிலிருந்து, இரண்டு கை.

மண்டபத்து வாசலில் மகள் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பது இங்கிருந்தே தெரிந்தது.

கல்லறை மண்ணைக் கிண்ணத்தில் நிறுத்துப் போட்டு அளந்தான். பிறகு அதே கிண்ணம், அதே எடை, கருவிக்கும் மண்ணுக்கும் அதே இடைவெளி. இப்போது கரை மண். இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால், மிஞ்சுவது எண்ணெய் கொண்டுவந்தது.

எதுவும் மிஞ்சவில்லை.