மூணாவது ஸ்க்ரீன்

“அந்தச் சேர்ல உக்காராதீங்க தம்பி, அண்ணனுக்குப் பிடிக்காது.”

உட்காரப் போனவன் பாதியிலேயே நிமிர்ந்தான். கம்ப்யூட்டர் கடையில் வேலை, வாயைத் திறந்தால் ஸ்க்ரீனில் படம் வரவைக்கும் கிராஃபிக்ஸ் கார்டு பேச்சு என்பதால் அவனை எல்லோரும் ‘கார்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். சேரைப் பிடித்திருந்த கையில் தூசி அப்பிக்கொண்டது. பேன்ட்டில் துடைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டான்.

மேஜைமேல் மூன்று மானிட்டர்கள். இரண்டு எரிந்தன. அந்தச் சேருக்கு நேர் எதிரே இருந்த மூன்றாவது மட்டும் கறுப்பாகக் கிடந்தது.

“சொல்லுங்கக்கா, என்ன தொந்தரவு?”

அக்கா சினிமாவுக்கு சப்டைட்டில் போடுகிறவள். ஒரு திரையில் படம் ஓடும், இன்னொன்றில் வசனம் அடிப்பாள். “அடிச்சுக்கிட்டே இருப்பேன் தம்பி. திடீர்னு மவுஸ் பாயின்ட்டர் தானா நகரும். நான் அடிச்ச ஃபைலை அப்படியே இழுத்துக்கிட்டு வலது பக்கமாப் போய் மறைஞ்சிடும்.”

“சூப்பர்! பேய் பிடிச்ச கம்ப்யூட்டரை நான் பார்த்ததே இல்ல.”

“விளையாடாதீங்க. சாயங்காலத்துக்குள்ள ஒரு முழுப் படம் அனுப்பணும். போன ரெண்டும் லேட்டு. இதுவும் லேட்டாச்சுன்னா இனிமே உனக்கு வேலையே கிடையாதுன்னு சொல்லிட்டாங்க.”

கார்டின் சிரிப்பு அடங்கியது. “எப்பலேர்ந்து இப்படி?”

“அண்ணனோட பெரிய கார்டை வித்ததுலேர்ந்து.”

“கேமிங் கார்டா? அவர்கிட்ட கேக்காமயா வித்தீங்க?”

“கேக்க முடியல.”

“என்னக்கா நீங்க! என் கார்டை யாராச்சும் அப்படி வித்திருந்தா வீட்டையே ரெண்டாக்கியிருப்பேன்.”

“அவனும் அதைத்தான் பண்றான்” என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை.

கார்டு கேபினட்டைத் திருப்பி செல்போன் டார்ச்சை அடித்தான். மூன்று மானிட்டர் ஒயர்கள், அவளுடைய மவுஸ் ஒயர், கீபோர்டு ஒயர். அதற்கும் கீழே, விரல் நகம் அளவுக்கு ஏதோ ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. மானிட்டர் ஒயர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான்.

“கண்டுபிடிச்சாச்சு. மூணாவது ஒயர் மாட்டியிருக்குற போர்ட் பாதி செத்துப்போச்சு. படம் வெளிய வரல. ஆனா மூணாவது ஸ்க்ரீன் இருக்குன்னு கம்ப்யூட்டர் நம்பிக்கிட்டிருக்கு. உங்க ஃபைல் எல்லாம் அந்த இருட்டுலதான் கிடக்கும். ஒயரைப் புடுங்கிட்டா வேலை முடிஞ்சது, செலவே இல்ல.”

“புடுங்கிப் பார்த்துட்டேன் தம்பி. அதுக்கப்புறம் என் ரெண்டு ஸ்க்ரீன்லயும் என்னை ஒரு வரி அடிக்க விடல.” அவள் குரல் இறங்கியது. “அவனோட ஸ்க்ரீனை அவனுக்கே குடுத்திடுங்க. விலை கம்மியா ஒரு கார்டு போதும்.”

கார்டு உற்சாகமாகப் பையைத் திறந்தான். இரண்டு பழைய கார்டுகளை எடுத்துத் தரையில் வைத்தான்.

“இதுல மூணு போர்ட் இருக்கு, ஆனா ஒரே நேரத்துல ரெண்டு ஸ்க்ரீன்தான் எரியும். ஓட்டையை எண்ணி வாங்குறவங்க எல்லாம் இங்கதான் ஏமாறுவாங்க. இது பாருங்க, ஃபேன்கூட இல்லாத ஒல்லிக்குச்சி. மூணையும் அசால்ட்டா தாங்கும். என்ன, உங்க அண்ணன் இதுல பெரிய கேம் எதுவும் ஆட முடியாது.”

“அவன் இனிமே ஆட மாட்டான். இதையே போடுங்க.”

போட்டான். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. மூன்றாவது திரை மெல்ல வெளுத்தது.

காணாமல் போன ஃபைல்கள் அத்தனையும் அங்கே இருந்தன. ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், யாரோ உட்கார்ந்து அடுக்கியதுபோல வரிசையாக.

அக்காவின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. பாயின்ட்டர் நகர்ந்தது. ஒரு ஃபைலைப் பிடித்து, நிதானமாக இடது பக்கம் இழுத்து வந்து, அவள் முகத்துக்கு நேரே நிறுத்தியது. இன்றைக்கு அனுப்ப வேண்டிய படத்துக்கு அவள் அடித்து முடித்திருந்த வசனம்.

“தேங்க்ஸ்டா” என்றாள் அக்கா, கண் கலங்க.

“பரவாயில்லக்கா” என்றான் கார்டு. ஆனால் தரையிலேயே கொஞ்சம் பின்னால் நகர்ந்தான். பாயின்ட்டர் மூன்றாவது திரைக்குத் திரும்பிப் போய், வேலையில்லாதவன் விரலால் மேஜையில் கோலம் போடுவதுபோல, மெதுவாக வட்டமடித்துக்கொண்டிருந்தது.

கேபினட்டுக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. குனிந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

“அட, இவ்வளவுதானா! ஒரு நிமிஷம் எனக்கே வேர்த்துடுச்சு. இங்க ஒரு வயர்லெஸ் மவுஸோட ரிசீவர் மாட்டியிருக்கு. கார்டை வித்த கோவத்துல உங்க அண்ணன் எங்கயோ உக்காந்து ஆட்டம் காட்டுறாரு!” உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். “அண்ணே, போதும், வெளிய வாங்க!”

யாரும் வரவில்லை.

“ரொம்பத் தள்ளியும் இருக்க முடியாதுக்கா. இந்த ரூமைத் தாண்டினா அந்த மவுஸ் வேலை செய்யாது. அது அவர்கிட்டதானே இருக்கு?”

“அவன்கிட்டதான் இருக்கு.”

அக்கா படத்தை அனுப்பி முடித்தாள். தூசி படிந்த சேரின் பக்கம் திரும்பினாள்.

“கையில வச்சுத்தான் புதைச்சோம்.”